முதல் மணிக்கு முந்தைய வகுப்பு

கேரிபூ சாலை, வடக்கு மெய்ன்
மார்ச் 9, 1997

அன்புள்ள நதாலிக்கு,

மிஸஸ் ஹாஃபர்ட்டின் கையுறைகள் இரண்டும் வேறு வேறு நிறம். ஒன்று பச்சை, மற்றது கறுப்பு. வியாழக்கிழமை வேதியியல் வகுப்பு முடிந்து வெளியே போகும்போது கதவருகில் என்னை நிறுத்தினார். அவர் சொன்னது காதில் விழுவதற்கு முன்னால் அந்தக் கைகளைத்தான் பார்த்தேன். இருட்டிலேயே எழுந்து, கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வருகிறார் என்று பிறகுதான் புரிந்தது. இந்த வருடம் அவருக்கு இரண்டு பள்ளிக்கூடம். இங்கே பாடம் நடத்திவிட்டு அடுத்த ஊருக்கு ஓடவேண்டும்.

"லிசெட், அடுத்த வருஷம் ஏ.பி. வேதியியல் எடுக்கிறியா?" என்றார்.

நான் என் காலணியைப் பார்த்தேன்.

"பதில் அங்க எழுதியிருக்கா? கொஞ்சம் சத்தமா வாசியேன், நானும் கேக்கறேன்."

பின்னால் வந்த பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "காலேஜ்ல முதல் வருஷம் நடத்தற பாடம் அது. இங்கேயே படிச்சு மே மாசம் பரீட்சை எழுதலாம். நல்ல மார்க் வந்தா காலேஜ்ல மறுபடி படிக்க வேணாம். உன்னால முடியும்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான் தெரியல."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

சிக்கல் நேரம்தான். அவருக்கு வேறு நேரம் ஒழியாததால் இந்த வகுப்பு, பள்ளியின் முதல் மணி அடிப்பதற்கு முன்பே நடக்குமாம். காலை ஆறு இருபதுக்கு. அம்மா உருளைக்கிழங்கு ஆலையில் இரவு வேலை முடித்து வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் அப்பாவோடு யாராவது இருந்தாக வேண்டும். பக்கவாதம் வந்த பிறகு ஒரே ஒரு நாள் காலையில் அவரைத் தனியாக விட்டோம். அடுப்பைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் அம்மா. சொல்லிவிட்டேன்.

மே மாதம் படிப்பு முடிந்ததும் வீட்டுக்கே வந்துவிடுவேன், இந்தப் பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பேன் என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னாய். பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறக்கும். உன்னால் அவ்வளவு சீக்கிரம் எழ முடியாது என்று தெரியும். நான் எழுப்பிவிட்டுப் போகிறேன். நீ அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தால் போதும். உட்கார்ந்தபடியே தூங்கினாலும் பரவாயில்லை.

போன ஞாயிறு தொலைபேசியில் நீ "அப்புறம், வேற என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இதைத்தான் கேட்க நினைத்தேன். வாயில் வரவில்லை.

ஏப்ரல் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்கட்டுமா?

அன்புடன்
லிசெட்

*

போர்ட்லாந்து
மார்ச் 17, 1997

என் எலிக்குட்டிக்கு,

கொடு! இதைக் கேட்க ஒரு கடிதமா? நாளைக்கே போய்க் கொடு!

உன் கடிதத்தை என்னோடு தங்கியிருக்கும் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். (கோபித்துக்கொள்ளாதே, அடுப்பு விஷயத்தை விட்டுவிட்டேன்.) நம் பள்ளியில் ஏ.பி. எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இவர்களுக்குப் புரியவில்லை. இங்கே பெரிய பள்ளிகளில் ஒவ்வொருத்தியும் நாலைந்து எடுத்திருக்கிறாள். நான் எடுத்தது ஆங்கிலம் ஒன்றுதான். அதுவும் கடைசி மணி, வெயில் விழுகிற அறை, ஆளுக்கொரு டோனட். அந்த ஒரு வகுப்பால்தான் கல்லூரியில் ஒரு பாடம் குறைந்தது, உதவித்தொகையும் கிடைத்தது. இல்லாவிட்டால் நானும் இன்று அம்மாவோடு ஆலையில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

முதல் மாதம் அழுவாய். எல்லோரும் அழுவார்கள். வகுப்பில் நீதான் மட்டம் என்று தோன்றும். கிறிஸ்துமஸ் வரை தாக்குப்பிடித்தால் போதும், அப்புறம் அதுவாகப் போகும். ஒன்று மட்டும் சொல்வேன், கையைத் தூக்கு. பதில் தெரிந்தும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாயே, அதைப் பார்க்கும்போது உன்னைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருக்கும்.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. ஆகஸ்டில் நான் அங்கே இருப்பேன். காலையில் அவருக்கு நம் ப்ளோய் அப்பம் சுட்டு, வெண்ணெய் தடவிக் கொடுத்து, நானும் நாலு சாப்பிடுவேன். உனக்காக எழுந்திருக்க மாட்டேனாடி?

உன்
நதாலி

பி.கு.: கிரெக் என்று ஒருவன். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்வேன். அம்மாவிடம் மூச்சு விடாதே.

*

கேரிபூ சாலை
ஏப்ரல் 27, 1997

அன்புள்ள நதாலிக்கு,

பெயர் கொடுத்துவிட்டேன். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அம்மா ஆலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே படித்தாள்.

"ஆறு இருபதா? காலையிலயா?"

"ஆமாம்மா."

"அப்ப இவர யாரு பாத்துக்குவா?"

"நதாலி வர்றாளே."

அம்மா மேல்கோட்டின் பொத்தான்களைப் போட்டாள். அப்பா மேசையில் தட்டி, காகிதத்தைத் தன் பக்கம் தள்ளச் சொன்னார். இடது கையால் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் எழுதினார். அவர் பெயர் கோட்டைத் தாண்டி, மேசை விரிப்பு வரைக்கும் போய்விட்டது.

"பாரு, உன் பேப்பர் பத்தல அவருக்கு" என்றாள் அம்மா. அப்பா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். "பெரிய... ஆளு" என்றார். தன்னையா என்னையா, தெரியவில்லை.

உன் அறைச் சன்னலில் குளிருக்காக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டேன். இப்போது காற்று வருகிறது. கட்டிலைச் சுவர்ப் பக்கம் நகர்த்தட்டுமா, அப்படியே இருக்கட்டுமா?

கிரெக்கைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அன்புடன்
லிசெட்

*

போர்ட்லாந்து
மே 25, 1997

எலிக்குட்டி,

பாஸ்! பட்டம் வாங்கியாயிற்று! நீங்கள் யாரும் வர முடியவில்லை என்று எனக்கு வருத்தம் இல்லை, உண்மையாகவே இல்லை. அப்பாவை அவ்வளவு தூரம் காரில் உட்காரவைப்பது பாவம். கிரெக்கின் அம்மா கேக் செய்து கொண்டுவந்தார்.

இன்னொரு நல்ல செய்தி. நான் பயிற்சி எடுத்த இடத்திலேயே மருத்துவர் என்னைக் கோடைக்கு மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்கிறார். கடற்கரைக்கு வருகிற கூட்டம் முழுக்க இந்தச் சமயத்தில்தான் பல்லை உடைத்துக்கொள்ளுமாம். கையில் கொஞ்சம் அனுபவம் இருந்தால் அங்கே வந்து வேலை தேடுவது சுலபம். அதனால் செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் வருகிறேன். உனக்குப் பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம்தானே ஆகியிருக்கும்? அதுவரை பக்கத்து வீட்டு மதாம் தெரியோவிடம் சொல்லி வை. அந்த அம்மாள் கோழிக்கு முன்னால் எழுகிறவள்.

என் கல்லூரி வேதியியல் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் இருக்கும் படங்களைப் பார்க்காதே. எங்கள் பேராசிரியர் மூக்கு உண்மையிலேயே அப்படித்தான்.

உன்
நதாலி

*

கேரிபூ சாலை
ஆகஸ்ட் 24, 1997

அன்புள்ள நதாலிக்கு,

புத்தகத்துக்கு நன்றி. கோடையில் செய்யச் சொன்ன கணக்குகளை அதைப் பார்த்துத்தான் செய்தேன். மூக்குப் படங்களையும் பார்த்தேன்.

பள்ளி திறந்துவிட்டது. மதாம் தெரியோவின் வீட்டுக்குப் போனேன். கதவு வரைக்கும் போனேன். உள்ளே வானொலி ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. அவருடைய கோழிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் அப்பாவை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சிரிக்காதே. முதல் நாள் அவருடைய பழைய வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். மிஸஸ் ஹாஃபர்ட் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். வெளியே வந்து வண்டிக் கதவைத் திறந்து, "பாடத்துக்கு லேட்டா வர்றவங்கள எனக்குப் பிடிக்காது, ஐயா" என்றார். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தோம். கடைசி மேசையில், தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். அப்பாவோடு பத்து.

இரண்டாம் நாள் மிஸஸ் ஹாஃபர்ட் பாடத்தை முடித்துவிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். எப்போதும்போல யாரும் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து அப்பா நல்ல கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க ஐயா."

"காப்பி... எங்க?"

வகுப்பே சிரித்தது. டூயி என்றொரு பையன், "இவ்வளவு நேரத்துல நல்ல கேள்வி இதுதான் மிஸ்" என்றான். மறுநாளிலிருந்து மிஸஸ் ஹாஃபர்ட் பிளாஸ்க் கொண்டுவருகிறார். அம்மா ஆலையிலிருந்து நேராகப் பள்ளி வாசலுக்கு வந்து அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறாள். காலையில் அவரை எழுப்பி, சட்டை போட்டு, வண்டியில் ஏற்றுவதுதான் கஷ்டம். நாலரைக்கே எழவேண்டியிருக்கிறது. பாடம் கஷ்டமாக இல்லை, நதாலி. பாடம் ரொம்ப நன்றாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நீ சொல்லவே இல்லையே.

ஆனால் குளிர் வந்துவிட்டால் அவரை இப்படி வெளியே கொண்டுபோக முடியாது. போன வாரமே வகுப்பில் இரண்டு முறை தூங்கிச் சரிந்தார்.

தொழிலாளர் தினம் முடிந்து என்றைக்கு வருகிறாய்? பேருந்து எத்தனை மணிக்கு? நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்
லிசெட்

*

போர்ட்லாந்து
செப்டம்பர் 9, 1997

என் எலிக்குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. "காப்பி எங்க?" கதையை மருத்துவமனையில் எல்லோருக்கும் சொன்னேன். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த ஒரு நோயாளி சிரித்ததில் என் கையே நழுவிவிட்டது. கிரெக் சொல்கிறான், உன் தங்கையை நான் பார்த்தே ஆகவேண்டும் என்று.

பார்த்தாயா? உனக்கு ஒன்றும் வராது, வாயே திறக்கமாட்டாய் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நீ என்னடா என்றால் அப்பாவையே ஏ.பி. மாணவராக்கிவிட்டாய்! எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன். மருத்துவர் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்கிறார். இந்த மாதிரி இடம் இனி கிடைக்காது. சரி என்று சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் சரி சொல்லியிருக்க மாட்டேன். நீ சமாளித்துக்கொள்வாய் என்று தெரிந்ததும் மனம் லேசாகிவிட்டது. அம்மாவும் தொலைபேசியில், "இங்க எல்லாம் நல்லா இருக்கு, நீ உன் வேலையப் பாரு" என்றாள்.

குளிருக்கு அப்பாவுக்குக் கனமான காலணி ஒன்று வாங்கி அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் பார்ப்போம். கையைத் தூக்குகிறாயா இல்லையா?

உன்
நதாலி

*

கேரிபூ சாலை
அக்டோபர் 12, 1997

அன்புள்ள நதாலிக்கு,

அப்பாவுக்கு இடுப்பில் சின்ன அடி என்று அம்மா உன்னிடம் சொன்னது சரியில்லை. எலும்பு முறிந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். நீ பதறி ஓடி வருவாய், புது வேலை போய்விடும் என்று அவள் அப்படிச் சொன்னாள்.

அது வகுப்பில்தான் நடந்தது. உன் கடிதம் வந்ததற்கு மறுநாள்.

மிஸஸ் ஹாஃபர்ட் பலகையில் ஒரு கணக்கை எழுதிப்போட்டு, யார் வந்து முடிக்கிறீர்கள் என்றார். நான் கையைத் தூக்கினேன். ஏன் அன்றைக்குத் தூக்கினேன் என்று தெரியவில்லை. பலகைக்குப் போய் எழுத ஆரம்பித்தேன். முதல் இரண்டு வரியை மெதுவாக எழுதினேன், பிறகு வேகம் வந்துவிட்டது. பின்னால் இருப்பவர்களையே மறந்துவிட்டேன். எழுதி முடித்ததும், "அப்படியே சரி. ஒரு புள்ளிகூட மாத்த வேணாம்" என்றார் மிஸஸ் ஹாஃபர்ட். எல்லோரும் கை தட்டினார்கள். டூயி மேசையையே தட்டினான்.

அப்பாவால் கை தட்ட முடியாது இல்லையா, ஒரு கைதானே. அதனால் எழுந்து நின்றார்.

யாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் திரும்பியபோது அவர் நின்றுகொண்டிருந்தார், நதாலி. எதையும் பிடிக்காமல் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அடுத்த நொடி இரண்டு மேசைகளுக்கு நடுவில் விழுந்துவிட்டார். கால்சட்டை நனைந்து, கீழே ஈரமாகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. டூயி தன் சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்தினான்.

மருத்துவமனையில் அவர் என்னிடம், "பாத்தேன்... பாத்தேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கு மூன்று வாரம் விடுமுறை விட்டார்கள். மற்ற வருடங்களைப் போல நான் அறுவடை இயந்திரத்தில் கிழங்கோடு வரும் கல்லைப் பொறுக்கப் போகவில்லை. அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கவும் தூக்கவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. போன திங்கள் பள்ளி திறந்தது. அறுவடைக்குப் பிறகு திரும்பி வராத பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேர் இருப்பார்களே, அவர்களை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. இந்த வருடம் நானும் போகவில்லை. வேதியியல் வகுப்புக்கு மட்டும் அல்ல, எதற்குமே போகவில்லை. அம்மா இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்க வேண்டும். தூங்காமல் அப்பாவைத் தூக்கினால் இரண்டு பேரும் விழுவார்கள்.

மிஸஸ் ஹாஃபர்ட் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். நான் மாடியிலேயே இருந்துவிட்டேன். அம்மாதான் பேசினாள்.

காலணி வந்தது. அளவு சரியாக இருக்கிறது.

லிசெட்

*

போர்ட்லாந்து
நவம்பர் 2, 1997

லிசெட்,

இரண்டு வாரம் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுதினால் சண்டை போடுவேன் என்று தெரியும். போடுகிறேன்.

பள்ளியை விட்டுவிட்டாயா? ஒரு வார்த்தை கேட்காமலா? ஏ.பி. வகுப்பை விட்டிருந்தால்கூடச் சரி, அடுத்த வருடம் எடுக்கலாம். மொத்தமாக விட்டுவிட்டு மாடியில் போய் ஒளிந்துகொண்டாயா? அந்த மனுஷி உன்னைத் தேடி இரண்டு முறை வந்திருக்கிறாள், உன்னால் இறங்கி வந்து முகத்தைக் காட்ட முடியவில்லை! அப்பா ஒரு சாக்குத்தான். நீ எப்போதும் இப்படித்தான், பயந்தாங்கொள்ளி. அந்தப் பிள்ளைகள் முகத்தில் மறுபடி விழிக்கப் பயம், அதுதான் உண்மை. எனக்கு "வா" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேனா? நீ கேட்கவே இல்லையே!

கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கிரெக்கின் காரில் கிளம்பினேன். பாதி வழி, பாங்கர் ஊர் வரைக்கும் வந்தேன். அங்கே பெட்ரோல் போட நிறுத்தினேன். அப்பாவின் அந்த வாயை என்னால் பார்க்க முடியவில்லை, லிசெட். கிறிஸ்துமஸில் அவர் என் பெயரைச் சொல்ல முயற்சி செய்து, வராமல், கண்ணில் நீரோடு சிரித்தாரே. அன்றிலிருந்து என்னால் முடியவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை அம்மாவிடம் சொல்லாதே.

நதாலி

*

கேரிபூ சாலை
டிசம்பர் 7, 1997

அன்புள்ள நதாலிக்கு,

அப்பா இப்போது நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருகிறார். பசி நன்றாக இருக்கிறது. ஆனால் சாப்பிடும்போது இருமல் வருகிறது. கூழாக்கித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மதாம் தெரியோ தானாகவே வந்து, "ஏன்டி பொண்ணே, பக்கத்துலயே இருக்கேன், ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று திட்டிவிட்டு, கோழிக் குழம்பு ஒரு சட்டி நிறைய வைத்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு நீ கிரெக் வீட்டுக்குப் போவதாக அம்மா சொன்னாள். போய் வா.

பாங்கர் வரைக்கும் நீ வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

லிசெட்

*

போர்ட்லாந்து
மார்ச் 8, 1998

என் எலிக்குட்டிக்கு,

அப்பாவின் அடக்கம் முடிந்து நானும் கிரெக்கும் கிளம்பியபோது நீ வாசலுக்கு வரவில்லை.

நிமோனியா என்று நீங்கள் சொன்னபோதுகூட இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. எப்படியாவது பிப்ரவரி கடைசியில் வந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. அப்பாவைப் பெட்டியில் பார்த்தபோது வாய் நேராக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதற்காக என்னை நீ வெறுத்தாலும் சரி.

சாப்பாட்டின்போது நான் "காப்பி எங்க?" கதையைச் சொன்னேன். தேவாலயக் கூடமே சிரித்து அழுதது. அந்த மிஸஸ் ஹாஃபர்ட்கூட வந்திருந்தாரே, அவரும் சிரித்தார். உன்னைத் தேடினேன். நீ சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய். அத்தனை பேர் இருக்க நீ ஏன் கழுவ வேண்டும்?

இப்போது முக்கியமான விஷயம். நாள் பூராவும் யோசித்துப் பார்த்தேன். உனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. ஒரு வருடம்தான் போயிருக்கிறது. இனி உனக்குத் தடை எதுவும் இல்லை. ஆகஸ்டில் திரும்பச் சேர். வேதியியல் ஏ.பி. எடு, கூடவே ஆங்கிலமும் எடு. இரண்டையும் நீ ஊதித் தள்ளிவிடுவாய். பள்ளிக்கு நானே தொலைபேசி செய்து ஆலோசகரிடம் எல்லாம் பேசிவிட்டேன். ரொம்ப நல்ல மனிதர். வேதியியல் அதே ஆறு இருபதுக்குத்தானாம், உனக்காக ஓர் இடம் எழுதி வைத்திருக்கிறார். அவரே உன்னைக் கூப்பிடுவார். நீ "சரி" என்று மட்டும் சொன்னால் போதும். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பரீட்சைக் கட்டணம் என் பொறுப்பு.

இந்த ஒன்றையாவது உனக்குச் செய்ய விடு.

உன்
நதாலி

*

கேரிபூ சாலை
மார்ச் 19, 1998

நதாலிக்கு,

ஆலோசகர் நேற்றுக் கூப்பிட்டார். அம்மா தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"லிசெட், உங்க அக்கா எல்லாம் சொன்னாங்க. ரொம்ப வருத்தம்மா. வேதியியல்ல உனக்கு ஓர் இடம் வச்சிருக்கேன். அதே டீச்சர்தான். உறுதி பண்ணிக்கட்டுமா?"

"வேணாம், ஐயா."

"யோசிச்சுட்டு அடுத்த வாரம் சொல்றியா?"

"யோசிச்சுட்டேன். அந்த இடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க. கூப்பிட்டதுக்கு நன்றி."

அவ்வளவையும் நின்றபடியே, தடுமாறாமல் பேசினேன். வைத்த பிறகு அம்மா, "இவ்வளவு நீளமா நீ ஃபோன்ல பேசி நான் பாத்ததே இல்ல" என்றாள்.

உனக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் நாலரைக்கு விழித்துக்கொள்கிறேன். எழுந்து, அவருடைய அறைவரை போய், அங்கே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்புகிறேன். பிறகு ஏழரைக்கு அம்மா வரும்வரை எனக்கு எந்த வேலையும் இல்லை. போன வருடம் முழுக்க அந்த ஒரு மணி நேரம் கிடைக்காதா, யாராவது எனக்குக் கொடுக்க மாட்டார்களா என்று இருந்தேன். இப்போது தினமும் கிடைக்கிறது. இப்படிக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் என்னால் உட்கார முடியாது. எனக்கு அந்தப் பாடம் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைக்காதே. எதுவும் அவ்வளவு பிடித்ததில்லை.

என்றைக்காவது திரும்பிப் போவேனா என்று தெரியவில்லை. போனால் நானே நடந்து போய், நானே பெயர் கொடுப்பேன். பள்ளிக்கு இனிமேல் நீ தொலைபேசி செய்யாதே. நான் போனேனா இல்லையா என்று உனக்கு எழுதவும் மாட்டேன்.

பயந்தாங்கொள்ளி என்று எழுதினாய். அது சரிதான். உன்னை எதிரில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு இப்போதும் தைரியம் வராது. அதனால் காகிதத்தில் சொல்லிவிடுகிறேன். இனி உனக்குத் தடை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்குத் தடையாக இருந்தது அப்பா இல்லை, நதாலி.

அம்மாவுக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூப்பிடு, அவள் காத்திருப்பாள். ஈஸ்டருக்கு வந்தால் அவளுக்காக வா.

இரவு நிறையப் பனி விழுந்திருக்கிறது. இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, அம்மா வண்டியை உள்ளே கொண்டுவருவதற்கு வாசல் பனியை வாரித் தள்ளப் போகிறேன்.

லிசெட்